கையில் வழியாத ஒயில்

எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கட்டில் இப்போது நாலு ஒயில் ஃபில்டர்கள் வயிறு பிளந்து கிடக்கின்றன. மீன் வெட்டுகிற இடம் அது. "மற்ற ஆம்பிளையள் பழைய ஃபில்டரைக் குப்பையில போடுறாங்க, இவர் பிரேத பரிசோதனை செய்யிறார்" என்று மனைவி பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னது எனக்கும் கேட்டது, கேட்கவேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னது. சரி, பரவாயில்லை. அந்த நாலில் ஒன்று எஞ்சின் திறக்கிற செலவை எனக்கு மிச்சம் பிடித்துத் தந்தது, இன்னொன்று ஒரு கராஜில் என் காருக்குச் செய்த வேலையைக் காட்டிக்கொடுத்தது. அதனால் எழுதிவைக்கிறேன்.

கார் பழைய கொரோலா 121. 1.5 லீட்டர் பெற்றோல் எஞ்சின். மட்டக்களப்புக் கல்லடியில் வீடு, பள்ளிக்கூடம் வாவிக்கு அங்கால் படுவான்கரையில். காலையில் காத்தான்குடிப் பேரீச்சை மரங்களைத் தாண்டி, ஆரையம்பதியில் மேற்கே திரும்பி, மண்முனைப் பாலம் ஏறி, கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால் போகவேண்டும். 2014இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன் 'பாதை'யில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம், பாதை என்றால் எங்கள் ஊரில் ரோட்டு இல்லை, வாகனம் ஏற்றுகிற மிதவை, அதற்காகக் கரையில் நின்று காய்ந்த காலம் தனிக்கதை. கடைசி ஐந்து கிலோமீற்றர் கிறவல் ரோட்டு. மாசி பங்குனியில் வெட்டு மெசினும் நெல்லு ஏற்றுகிற ட்ரக்டரும் போக, முன்னால் போகிறவன் கிளப்புகிற புழுதியில் ரோட்டே தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு வரும்.

2022இல் சாமான் விலை எல்லாம் ஏறின நேரம் நான் ஒரிஜினல் ஃபில்டரை விட்டு மலிவான ஒன்றுக்கு மாறினேன். பேர் சொல்லப் போவதில்லை, அந்தப் பேரில் வேறு நல்ல சாமானும் இருக்கக்கூடும், எனக்கு வந்தது போலியாகவும் இருந்திருக்கலாம். பார்க்க நல்ல வடிவு. மினுங்குகிற பெயின்ட், பெட்டியில் ஒட்டின பளபளப்பு ஸ்டிக்கர், கையில் எடுத்தால் கனம். கனமாக இருந்தால் நல்ல சாமான் என்று நம்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

இரண்டு மூன்று மாதத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. விடிய ஸ்டார்ட் பண்ணினால் முதல் இரண்டு மூன்று செக்கன் 'கட கட' என்று தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி, அப்புறம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்டார்ட் பண்ணினால் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. இந்த மாதிரிச் சத்தம் வந்தால் ஊரில் எல்லாரும் மெக்கானிக்தான். எஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்றார் ஒருவர். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் போய்விட்டது என்றார் இன்னொருவர். தடிப்பான ஒயில் விடு, 20டபிள்யூ50 விட்டால் அடங்கும் என்று மச்சான் சொன்னான், அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான். ஒரு கராஜில் முன்பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதைக் கேட்டபின் இரண்டு நாள் நான் வீட்டில் யாரோடும் பெரிதாகக் கதைக்கவில்லை. 2020இல் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள், திறந்த பிறகும் வாத்தியார் சம்பளத்துக்குப் புதுக்கார் எட்டாது, அப்போ இருக்கிறதை வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

அந்த இடைவெளியில் ஒயில் மாற்றுகிற நாள் வந்தது. 5000 கிலோமீற்றருக்கு ஒருதரம் நானேதான் மாற்றுவேன், ஞாயிறு காலையில், இரவு முழுக்க நின்ற காரில். கொஞ்சம் சூடாக்கிவிட்டு வடித்தால் நல்லது என்பார்கள், உண்மைதான், ஆனால் சுடு ஒயிலில் ஒருதரம் கை வெந்தவன் நான். இந்த எஞ்சினில் ஃபில்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. அதனால் கழற்றினால் உள்ளே நிற்கிற ஒயில் முழங்கை வரை வழியும், எவ்வளவு துணி பிடித்தாலும் வழியும், அதுதான் வழக்கம். இந்தமுறை வழியவில்லை. ஒரு சொட்டு இரண்டு சொட்டு, அவ்வளவுதான். ஃபில்டர் கையில் காலிப் பேணி மாதிரி வந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, 'மலிவு என்றாலும் சுத்தமான வேலை, ஊத்தையே இல்லை' என்று மெச்சிக்கொண்டேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சத்தத்துக்கான காரணம் கையிலேயே இருந்தது.

சத்தம் மனதில் கிடந்ததால், உள்ளே இரும்புத்தூள் இருக்கிறதா பார்ப்போம் என்று ஃபில்டரை வெட்ட முடிவுசெய்தேன். சிறிய பிஸ்டன் விமானங்களில் ஒயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, பேப்பரை விரித்துப் பார்ப்பது வழக்கமான வேலை, எங்கோ வாசித்திருந்தேன். விமானக்காரன் செய்கிறான், நாம் செய்யக்கூடாதா. ஹக்சோ எடுத்து வைஸில் பிடித்து அறுத்தேன். திறந்து பார்த்தால், ஐயோ, பேப்பர் மடிப்பெல்லாம் மினுமினு என்று இரும்புத்தூள். காந்தத்தைக் கொண்டுபோனால் கொத்தாக ஒட்டுகிறது. எஞ்சின் முடிந்தது என்றே நினைத்தேன். அப்படியே ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் ஓடினேன்.

அவர் ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "சேர், இது என்னத்தால வெட்டினீங்க?"

"ஹக்சோவால அண்ணே."

"அப்ப இது எஞ்சின்ட இரும்பில்ல. உங்கட ஹக்சோ தந்த இரும்பு. பாருங்க, சுருள் சுருளா, ஒயில் கறுப்பு ஒண்டும் பிடிக்காமப் புதுசா மினுங்குது. கழுவிப் போட்டு மறுகா பார்ப்பம்."

கழுவிப் பார்த்தோம். அதற்குப் பிறகு காந்தத்தில் ஒட்டினது, பொட்டு வைக்கக்கூடப் போதாது. ஆகவே யாராவது வெட்டப்போகிறவர்கள் இருந்தால், ஹக்சோ வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். துகள் விழாமல் வெட்டுகிற கருவி வேண்டும், ரின் மீன் பேணி திறக்கிற மாதிரி ஒரு சில்லு, தகரத்தை அறுக்காமல் அழுத்திப் பிளந்துகொண்டு போகவேண்டும். ஃபில்டர் வெட்டுகிற கட்டர் என்று தனியாகவே வெளிநாடுகளில் விற்கிறார்கள். நாங்கள் ஒரு லேத் பட்டறைத் தம்பியைப் பிடித்து, பைப் கட்டரின் சில்லு ஒன்றும் பழைய பெயாரிங் இரண்டும் வைத்து ஒன்று செய்வித்தோம். ஃபில்டரை நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு சுற்றினால் ஐந்து நிமிடத்தில் அடித்தட்டும் பேணியும் தனித்தனியாக வரும். வெட்ட முன்னர் ஒருநாள் கவிழ்த்து வைத்து ஒயிலை வடியவிடுங்கள். கையுறை போடுங்கள், ஓடின ஒயில் தோலுக்குக் கூடாது, புற்றுநோய் வரை போகிற சாமான் அதில் இருக்கிறது. வடிந்த ஒயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், எங்கள் பக்கம் வாய்க்கால் எல்லாம் போய்ச் சேருகிற இடம் வாவிதான். சேர்விஸ் ஸ்டேசன்களில் பழைய ஒயில் எடுப்பார்கள்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், ஒயில் போகிற வழியிலேயே போவோம். ஃபில்டரின் வாய்ப்பக்கம், அதாவது மரை இருக்கிற பக்கம், நடுவில் பெரிய ஓட்டை ஒன்று, சுற்றிவரச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பம்ப் தள்ளுகிற ஒயில் சின்ன ஓட்டைகளால் உள்ளே போகும், பேணிக்கும் பேப்பருக்கும் இடையில் நிரம்பும், மடித்த பேப்பரை வெளியிலிருந்து உள்நோக்கி ஊடுருவி, நடுக்குழாய்க்குள் வந்து, நடு ஓட்டையால் எஞ்சினுக்குத் திரும்பும். ஊத்தை எல்லாம் பேப்பரின் வெளிப்பக்கத்தில் தங்கும். இவ்வளவுதான் அடிப்படை.

சின்ன ஓட்டைகளுக்கு உட்பக்கமாக ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. குடை மாதிரி, மெல்லியது. ஒயில் உள்ளே வரும்போது விலகிக்கொடுக்கும், எஞ்சின் நின்றவுடன் ஓட்டைகளில் ஒட்டிப் படுத்து, ஒயில் திரும்பி ஓடாமல் மறிக்கும். திரும்பவிடா வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்த வாக்கிலோ தலைகீழாகவோ ஃபில்டர் பூட்டின எஞ்சின்களுக்கு இதுதான் உயிர். இது வேலை செய்யாவிட்டால் இரவு முழுக்க ஒயில் சம்புக்கு, அதாவது எஞ்சினின் அடித்தட்டத்துக்கு, வடிந்துவிடும், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்பவேண்டும், அப்புறம்தான் மேலே பெயாரிங்குகளுக்கும் செயின் டென்ஷனருக்கும் அழுத்தம் போகும். அந்த டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்கிற சாமான். இரண்டு மூன்று செக்கன். கட கட.

என்னுடைய மலிவு ஃபில்டரில் அந்தச் சவ்வை விரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் இல்லை, பிளாஸ்டிக் ரூலர் மாதிரி விறைத்துப் போயிருந்தது. வளைத்தால் விளிம்பில் வெடிப்பு. 5000 கிலோமீற்றர் ஓட்டத்தில் எஞ்சின் சூட்டுக்கு இறுகி, இருந்த வளைவிலேயே உறைந்துவிட்டது, ஒரு பக்கம் மூடுகிறது, மறுபக்கம் காசு நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கிறது. கையில் ஒயில் வழியாததற்கு அதுதான் காரணம், வழிய உள்ளே ஒன்றும் நிற்கவில்லை. ஒரிஜினல் ஒன்றை வாங்கிப் போட்டேன், ஒயிலும் அதே தடிப்புத்தான், வேறு எதையும் தொடவில்லை. அடுத்த காலையே சத்தம் இல்லை. எல்லாக் காலைச் சத்தமும் ஃபில்டர்தான் என்று சொல்லமாட்டேன், செயின் உண்மையிலேயே தளர்ந்த கார்களும் இருக்கின்றன, ஆனால் எஞ்சினைத் திறக்க முன்னர் ஒரு ஃபில்டர் மாற்றிப் பார்ப்பதற்கு என்ன பெரிய செலவு?

இந்தச் சவ்வு சாதாரணமாகக் கறுப்பு நைட்ரைல் ரப்பரில் வரும், கொஞ்சம் விலை கூடினதில் சிலிக்கோன் வரும், செம்மஞ்சளோ சிவப்போ இருக்கும். சிலிக்கோன் சூட்டுக்கு நன்றாகத் தாங்கும், அதிக நாள் மெதுமையாக இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து நம்பவேண்டாம், ரப்பருக்கு எந்தச் சாயமும் கலக்கலாம். நைட்ரைல் என்பதற்காகக் கூடாது என்றும் இல்லை, என்னிடம் இருக்கிற ஒரிஜினலில் கறுப்புச் சவ்வுதான், கழற்றும்போது புதுச் செருப்பு வார் மாதிரி மெதுமையாக இருந்தது.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. மச்சானின் கார், பள்ளிக்கூடத்தில் இன்னொரு சேரின் கார் என்று ஒயில் மாற்றுகிறவர்களிடம் எல்லாம் பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கத் தொடங்கினேன்.

பேப்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். மலிவு ஃபில்டரில் மடிப்புகளை எண்ணினேன், 38. அதே அளவு ஒரிஜினலில் 56. மடிப்பு ஒன்றின் ஆழம் இரண்டிலும் கிட்டத்தட்ட 1.2 சென்ரிமீற்றர், ஆக விரித்து நிலத்தில் போட்டால் ஒன்று 90 சென்ரிமீற்றர், மற்றது 130ஐயும் தாண்டியது. பேப்பர் குறைந்தால் ஊத்தை பிடிக்கிற இடமும் குறைவு, சீக்கிரம் அடைக்கும். ஆனால் எண்ணிக்கை மட்டும் கதை இல்லை. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நெரிந்திருந்தால் நூறு மடிப்பு இருந்தும் பிரயோசனம் இல்லை, ஒயில் இடையில் போகாது. மலிவில் ஒரு பக்கம் ஏழெட்டு மடிப்புச் சேர்ந்து படுத்துவிட்டது, எதிர்ப்பக்கம் ஓட்டைப் பல்லு மாதிரி இடைவெளி. பேப்பரின் இரண்டு அந்தமும் சேருகிற பொருத்தையும் பாருங்கள். நல்லதில் தகர கிளிப்போ ஒழுங்கான பசைக்கோடோ மேலிருந்து கீழ்வரை இருக்கும். மலிவில் பசை முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது, கீழே ஒரு விரல்நுனி அளவு திறந்தபடி. அந்த வாசலால் போகிற ஒயிலுக்கு ஃபில்டர் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன.

பேப்பரின் மேலும் கீழும் மூடித்தட்டு இருக்கும். சிலதில் தகரம், சிலதில் தடித்த மட்டை. மட்டையைக் கண்டவுடன் 'சீ, காட்போர்ட்' என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, நானும் சுளித்தேன். பிறகு ஒன்றை இழுத்துப் பார்த்தேன், மட்டை பேப்பரோடு அப்படி ஒட்டியிருக்கிறது, பேப்பர் கிழிந்ததே தவிர மூடி கழரவில்லை. இன்னொன்றில் தகரமூடிதான், பார்க்க நல்ல திடம், ஆனால் பசை பொருத்தில் விட்டுப்போய் மூடி தானாகவே கழன்று விழுந்தது. தகரமா மட்டையா என்பதைவிட ஒட்டு எப்படி என்பதுதான் விசயம். நடுக்குழாய் நசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது நசிந்திருந்தால் பேப்பர் அடைத்து அதன் வெளிப்பக்கத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபில்டரின் அடியில் தகட்டு ஸ்பிரிங் ஒன்று, பேப்பர்க் கூட்டை மேலே தள்ளி வாயோடு அணைத்துப் பிடிக்கும். பலர் இதைக் கவனிக்கமாட்டார்கள். இது பலவீனமானால் கூடு ஆடும், ஆடினால் ஊத்தை ஒயில் ஓரத்தால் நல்ல பக்கத்துக்கு நழுவும். வெட்டின பிறகு கூட்டைக் குலுக்கிப் பார்த்து அறிய முடியாது, வெட்ட முன் ஃபில்டரைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே ஏதாவது அசைகிற சத்தம் கேட்டால் அங்கேயே விளங்கும்.

பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கிறது, அதைப்பற்றி ஊரில் ஒரு பிழையான நம்பிக்கை. 'ஃபில்டர் அடைத்தால் எஞ்சினுக்கு ஒயில் போகாது, லைட் எரியும், அப்போ மாற்றலாம்' என்கிறார்கள். இல்லை. ஃபில்டர் அடைத்தால், அல்லது குளிரில் ஒயில் தடித்து பேப்பருக்குள்ளால் போகக் கஷ்டப்பட்டால், இந்தச் சின்ன வால்வு திறந்து வடிக்காத ஒயிலை அப்படியே எஞ்சினுக்கு அனுப்பும். பேப்பரின் இரண்டு பக்கத்துக்கும் இடையில் அழுத்த வித்தியாசம் பொதுவாக 1 பார் அக்கம்பக்கம் வந்தால் திறக்கும்படி செய்வார்கள், ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும். ஒயில் இல்லாததை விட ஊத்தை ஒயில் மேல் என்பது கணக்கு. ஆகவே லைட் எரியாது, சத்தம் வராது, எஞ்சின் தன்பாட்டில் தேயும். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சின் பக்கமே இருக்கும், அப்போ ஃபில்டருக்குள் தேடிக் கிடைக்கவில்லை என்று கோபப்படவேண்டாம். என் மலிவுச் சாமானில் வால்வுத் தட்டு உட்காருகிற பிளாஸ்டிக் விளிம்பில் வார்ப்பில் மிஞ்சின பிசிர் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது, தட்டு அதில் முட்டி எப்போதும் நூலளவு திறந்தே இருந்திருக்கிறது. அதாவது முதல்நாளிலிருந்தே ஒயிலில் ஒரு பங்கு வடிபடாமலே ஓடியிருக்கிறது.

வெட்டிப் பார்த்து எல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பேப்பர் எத்தனை மைக்ரோன் துகளைப் பிடிக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று, நம்முடைய தலைமயிரே 70 மைக்ரோன் அளவு. பெயாரிங்குகளைக் கெடுக்கிறது 20க்கும் கீழே உள்ள சமாச்சாரம். அதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்ற பரிசோதனை முறை இருக்கிறது, அளவு தெரிந்த தூளை ஒயிலில் கலந்து ஃபில்டருக்குள்ளால் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவார்கள். பெட்டியில் அந்த இலக்கமும், எத்தனை மைக்ரோனில் எத்தனை வீதம் என்றும் போட்டிருந்தால் அந்தக் கம்பனி ஏதோ அளந்திருக்கிறது. 'உயர்தரம்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெட்டி அச்சடித்தவரின் அபிப்பிராயம்.

இடையில் ஒன்று. கார் வந்த காலத்தில் இந்த ஃபில்டரே இல்லை. 1923இல் அமெரிக்காவில் ஸ்வீட்லண்ட் என்பவர் கொண்டுவந்ததுதான் பியூரோலேட்டர், 'பியூர் ஒயில் லேட்டர்' என்பதைச் சுருக்கி வைத்த பேர். எங்கள் பெரியப்பா வைத்திருந்த பீட்டில் வொக்ஸ்வேகனில் கடைசிவரை பேப்பர் ஃபில்டர் இல்லை, அடியில் ஒரு கம்பி வலை மட்டும்தான். அதனால்தான் அவர் அடிக்கடி ஒயில் மாற்றிக்கொண்டே இருந்தார், நாங்கள் அதைப் பெரியப்பாவின் பொழுதுபோக்கு என்று நினைத்தோம்.

சரி, பேப்பருக்குள் என்ன தங்கியிருக்கிறது என்பதுக்கு வருவோம். பேப்பரைக் கூரான கத்தியால் மேலும் கீழும் வெட்டி எடுத்து, துணியில் சுற்றி வைஸில் நெரித்து ஒயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம். பிழிந்ததற்குப் பிறகும் கறுப்பாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். கறுப்புப் பொருக்குகள் கிடைத்தால் நகத்தால் நசியுங்கள், பொடியாகப் போனால் கரி. நசியாமல் மினுங்கினால் உலோகம். காந்தத்துக்கு வந்தால் இரும்பு, வராமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், பிஸ்டன் பக்கமோ பெயாரிங் பக்கமோ இருக்கலாம், செம்பு நிறமாக இருந்தால் தண்டு சுழல்கிற வளையமான புஷ்ஷைச் சந்தேகிக்கவேண்டும். ஒன்றிரண்டு மினுக்கம் எந்த எஞ்சினிலும் இருக்கும், அதுவும் புது எஞ்சினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் கூடவே இருக்கும். விரல்நகத்தால் பிடிக்கக்கூடிய செதில்கள் வந்தால்தான் யோசிக்கவேண்டும்.

எனக்குக் கிடைத்தது இரும்பு இல்லை. மூன்றாவதாக வெட்டின ஃபில்டரில், மடிப்புகளுக்கு இடையில் நீலநிறத்தில் புழு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிறது. அண்ணனிடம் காட்டினேன், பார்த்த உடனே, "டெப்பட் கவர் எப்ப கழற்றினீங்க?" என்று கேட்டார். அது எஞ்சினின் மேல்மூடி. அதற்கு நாலு மாதம் முன்பு, அதில் ஒயில் கசிகிறது என்று வேறு ஒரு கராஜில் கெஸ்கட், அதாவது மூடிக்கு அடியில் வைக்கிற ரப்பர்ப் பட்டி, மாற்றியிருந்தேன். புதுக் கெஸ்கட் போட்டதாகத்தான் பில் தந்தார்கள். திறந்து பார்த்தால் பழைய கெஸ்கட்டே இருக்கிறது, அதற்கு மேலே சுற்றிவர நீல சிலிக்கோன் கம், கேக்குக்கு ஐசிங் போட்ட மாதிரி. வெளியே பிதுங்கினது நமக்குத் தெரியும், உள்ளே பிதுங்கினது கழன்று ஒயிலில் விழும். ஃபில்டருக்கு வந்து சேர்ந்த துண்டு பிரச்சினை இல்லை, அது பிடிபட்டுவிட்டது. பம்புக்கு முன்னால், சம்பின் அடியில் ஒயில் உறிஞ்சுகிற வலை ஒன்று இருக்கிறதே, அதில் போய் ஒட்டுகிறதுதான் ஆபத்து, வலை அடைத்தால் எஞ்சினுக்கு உண்மையிலேயே ஒயில் நிற்கும். சம்பைக் கழற்றினோம். வலையில் ஒரு ஓரத்தில் நீலப்பூ பூத்திருந்தது, அவ்வளவு மோசம் இல்லை, துடைத்துப் பூட்டினோம். அந்தக் கராஜ்காரரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று கை துடித்தது, போகவில்லை. கெஸ்கட் ஒன்று வாங்கி நானும் அண்ணனும் போட்டோம்.

நாலாவது ஃபில்டரில் வேறு கதை. பேப்பரின் ஊத்தையை விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநற என்றது. காந்தத்துக்கு வரவில்லை, நகத்தில் நசியவில்லை, மினுங்கவும் இல்லை. மண். படுவான்கரைக் கிறவல் மண். எஞ்சினுக்குள் மண் போகிற வழி பெரும்பாலும் காற்று ஃபில்டர் பக்கம்தான், போய்ப் பார்த்தால் அந்தப் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து மூடி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது, இடைவெளியைச் சுற்றிச் செம்மண் கோடு போட்ட மாதிரிப் படிந்திருந்தது. அறுவடைக்காலம் முழுக்க அப்படியே ஓடியிருக்கிறேன். மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரையும் அரத்தாளால் தேய்க்கிற மாதிரித் தேய்க்கும். ஒயில் ஃபில்டரைக் குறைசொல்லி வேலை இல்லை, அது தன்னால் ஆனதைப் பிடித்திருக்கிறது.

வாங்கும்போது பார்க்கக்கூடியவை கொஞ்சம் இருக்கின்றன. மரை முக்கியம். என் காருக்கு முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை. வேறு சில கார்களுக்கு 20 மில்லிமீற்றர் விட்டம், 1.5 மில்லிமீற்றருக்கு ஒரு மரை. முக்கால் அங்குலம் என்றால் 19 மில்லிமீற்றர் சொச்சம், ஆகவே 20 மில்லிமீற்றர் ஃபில்டரை என் எஞ்சினில் சுற்றினால் ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும், ஆனால் மரை முழுதாகப் பிடிக்காது, ஓடும்போது அழுத்தத்தில் கழன்று பறந்தால் 3.7 லீட்டர் ஒயிலும் சில செக்கனில் ரோட்டில். வாய் அளவு ஒன்று என்று கடைக்காரர் சொன்னாலும் கைகளால் சுற்றிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். புது ஃபில்டரின் நடு ஓட்டையில் வாய் வைத்து மெதுவாக ஊதுங்கள், சுற்று ஓட்டைகளால் காற்று தாராளமாக வந்தால் அந்தச் சவ்வு சரியாக மூடவில்லை. கடையில் நின்று இதைச் செய்தால் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், காத்தான்குடியில் நான் வாங்குகிற கடைக்காரக் காக்கா இப்போது பழகிவிட்டார், நான் போனாலே பெட்டியைத் திறந்து நீட்டி "ஊதுங்க சேர்" என்கிறார். பூட்டும்போது ரப்பர் வளையத்துக்கு ஒயில் தடவி, வளையம் முட்டினதிலிருந்து முக்கால் சுற்று, கையால் மட்டும். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், இரண்டு வளையம் சேர்ந்தால் ஒயில் நிற்காது.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பெயின்டையும் கவனியுங்கள். கல்லடி உப்புக்காற்றில் மெல்லிய பெயின்ட் அடித்த ஃபில்டர் ஆறு மாதத்தில் துரு பிடித்துப் புண் மாதிரி வெடிக்கும், மச்சானின் காரில் அப்படி ஒன்று துருவின் நடுவால் வியர்க்கத் தொடங்கியிருந்தது. அவன் அதற்கும் 20டபிள்யூ50தான் விட்டுப் பார்த்திருக்கிறான்.

கட்டர் இப்போது அண்ணனின் கராஜில்தான் தொங்குகிறது. ஒயில் மாற்ற வருகிற ஆட்டோக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கார் வைத்திருக்கிற ஒருவர் தன்னுடையதையும் வெட்டிப் பார்க்கச் சொன்னார், போன சனிக்கிழமை மட்டும் மூன்று வெட்டினோம். ஒன்றின் சவ்வு முறுக்கு மாதிரி உடைந்து கையில் வந்தது. "காலையில சத்தம் வருதா?" என்று அண்ணன் கேட்டார். "எப்பிடித் தெரியும்?" என்றார் அவர்.